புவியொத்த கோள்களின் தேடல்: விண்தொலைநோக்கிகளும் சான்றின் படிநிலைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சூரியன் அல்லாத பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்கள் புறக்கோள்கள் எனப்படுகின்றன. அவற்றுள் புவியை ஒத்தவை உளவா என்னும் தேடலில் விண்தொலைநோக்கிகள் இன்று முதன்மையான இடம் வகிக்கின்றன. இத்தேடலின் தொடக்ககாலக் கூற்றுகளுள் ஒன்று 1855ஆம் ஆண்டில் சென்னை வானாய்வகத்திலிருந்து வெளிவந்தது. விண்மீனொளியின் குறைவை அளந்து வானியல் உண்மையை அறியும் பணி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1972 முதல் நிகழ்ந்து வருகிறது. இவ்விரு தமிழகச் சான்றுகளையும் கெப்ளர், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்தொலைநோக்கிகளின் முடிவுகளோடு ஒப்புநோக்கி, ‘புவியொத்த கோள்’ என்னும் தொடர் எத்தனை வகைச் சான்றுகளை ஒருங்கே சுட்டுகிறது என்பதையும், அவற்றைத் தமிழில் பிரித்து வழங்க வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறக்கோள், கடப்பு முறை, காவலூர், கெப்ளர், வாழ்தகு மண்டலம், அளவை, கலைச்சொல்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரை ஒட்டிப் பாயும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் தோன்றி வருவது. அம்மலைத்தொடரின் மேற்பகுதியில், ஆரணியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், இன்றைய திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள் காவலூர் அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரமுள்ள இவ்விடத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. தறியின் இழையை எண்ணிப் பழகிய சமவெளிக்கும் விண்மீனின் ஒளியை எண்ணிப் பழகிய மலைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

எனினும், புறக்கோள் ஆய்வு பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் அயல்நாட்டுச் செய்திகளின் சுருக்கமாகவே அமைகின்றன. ஒரு கோளின் அளவு தெரிந்தவுடனேயே அதனை ‘இரண்டாம் பூமி’ என வழங்குவதும் உண்டு. அளவு தெரிவது ஒன்று. எடை தெரிவது வேறொன்று. காற்று உண்டெனத் தெரிவது மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்வதற்குத் தமிழகத்திலேயே நிகழ்ந்த ஆய்வுகள் துணைபுரிகின்றன.

1. சென்னை வானாய்வகத்தின் கூற்று

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடிக்கப்பட்ட வானாய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் இயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் தலைமையில் இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அவர் 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனைத் தொடர்ந்து நோக்கினார். ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளில் சுற்றிவரும் இரு விண்மீன்களின் தொகுதி அது. கணித்த பாதைக்கும் கண்ட இடங்களுக்கும் இடையே சிறு வேறுபாடு இருப்பதை அவர் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத ஒரு கோள் தன் ஈர்ப்பால் விண்மீனை இழுப்பதே அதற்குக் காரணமாதல் மிகவும் இயலக்கூடியது என 1855இல் இலண்டன் அரசு வானியல் கழகத்தின் இதழில் தெரிவித்தார். விண்மீனின் இயக்கத்தை அளந்து அதன் கோளை உய்த்துணர முயன்ற மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்றாக அறிவியல் வரலாற்றில் குறிக்கப்படுகிறது.

அக்கூற்று நிலைபெறவில்லை. நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் சீ என்னும் அமெரிக்க வானியலாளர் அதே தொகுதியில் புலப்படாத துணை ஒன்று உண்டெனக் கூறினார். அத்தகைய அமைப்பு நிலையாக இருத்தல் இயலாது என ஃபாரஸ்ட் ரே மோல்ட்டன் 1899இல் கணித வழியில் காட்டினார். ஜேக்கப் கண்ட வேறுபாடு அளவீட்டுப் பிழைகளின் எல்லைக்குள் அடங்கியதாகவே இன்று கொள்ளப்படுகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஜேக்கப்பின் தருக்கமுறை தவறானதன்று. காணும் விளைவிலிருந்து காணாத காரணத்தை உய்த்துணர்வதே புறக்கோள் ஆய்வின் அடிப்படை. 1995இல் மிஷெல் மேயர், திதியே கெலோ ஆகியோர் 51 பெகாசி என்னும் விண்மீனின் தள்ளாட்டத்தை அதன் நிறமாலையில் அளந்து, சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை முதன்முதலாக உறுதிப்படுத்தினர். 2019இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அவர்கள் பின்பற்றியதும் விண்மீனின் அசைவிலிருந்து கோளை அறியும் நெறியே. வேறுபாடு கருவியின் நுண்மையில் இருந்தது. தேடும் விளைவு கருவியின் பிழையைவிடப் பெரிதாக இருந்தாலன்றி, சரியான தருக்கமும் சரியான முடிவைத் தராது.

2. ஒளிக்குறைவைப் படித்தல்: காவலூர்ப் பதிவுகள்

விண்மீனின் அசைவை அளப்பது ஒரு வழி. அதன் ஒளி குறைவதை அளப்பது மற்றொரு வழி. ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே செல்லும்போது விண்மீனின் ஒளி சிறிது மங்கும். இதனைக் கடப்பு என்பர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்வு இவ்வகையைச் சார்ந்தது. அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை இந்திய மொழிகளில் வெளிக்கொணர முயன்றவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வெள்ளி அன்று மறைத்த பரப்பு சூரிய வட்டின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒளிக்குறைவை நுட்பமாக அளக்கும் மரபு காவலூரில் வளர்ந்தது. வைணு பாப்புவின் முயற்சியால் 1960களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விடத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வியாழனின் துணைக்கோளாகிய கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவிலும் எடுக்கப்பட்ட பதிவுகள் கேனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் எனக் கருத இடமளித்தன.

1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு இன்னும் முக்கியமானது. யுரேனசின் வட்டு விண்மீனை நெருங்கும் முன்னரே விண்மீனின் ஒளி சிலமுறை குறைந்து மீண்டது. காவலூரில் பதிவெடுத்த ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அக்குறைவைப் புதியதொரு துணைக்கோளின் அடையாளமாக முதலில் கருதினர். வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவின் பதிவுகளும் பிற இடங்களின் பதிவுகளும் ஒப்பிடப்பட்டபோது, மறைத்தவை யுரேனசின் வளையங்கள் என்பது தெளிவாயிற்று. ஒளிக்குறைவு மெய்யானது, அதன் காரணம்பற்றிய முதல் விளக்கமே மாறியது. ஒரே இடத்தில் ஒரே முறை கண்ட ஒளிக்குறைவு பல காரணங்களுக்கு இடமளிக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. இன்றைய விண்தொலைநோக்கிகளும் இதே இடர்ப்பாட்டை நாள்தோறும் எதிர்கொள்கின்றன.

3. வளிமண்டலத் தடையும் விண்தொலைநோக்கியின் தேவையும்

சூரியனின் விட்டம் புவியின் விட்டத்தைப்போல் சுமார் 109 மடங்கு. ஆகவே புவி சூரியனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து நோக்கும் ஒருவருக்குச் சூரியஒளி ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு மட்டுமே குறையும். ஆரணித் தறியொன்றில் 12,000 இழைகள் கொண்ட பாவு ஏற்றப்பட்டிருப்பதாகக் கொண்டால், அதில் ஓரிழை இல்லாததைத் தெருவின் மறுகோடியிலிருந்து கண்டறிவதற்கு இது நிகராகும். இந்த ஓரிழைக் குறைவும் ஆண்டுக்கு ஒருமுறை, அதிக அளவாக 13 மணி நேரம் மட்டுமே நீடிக்கும்.

தரையிலிருந்து இதனை அளப்பதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, காற்றின் அலைவால் ஏற்படும் மினுமினுப்பு. இது புவியளவுக் கோள் உண்டாக்கும் ஒளிக்குறைவைவிடப் பெரிது. இரண்டாவது, பகலும் இரவும் மாறிவருதல். ஓரிடத்தில் இருப்பவருக்குக் கடப்பு பகலில் நிகழ்ந்தால் அது கிடைக்காமலே போகும். மூன்றாவது, முகில்; தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் காவலூரின் வானத்தை மறைக்கின்றன. இவற்றோடு வடிவியல் வரம்பும் சேர்கிறது. புவியின் பாதையை ஒத்த பாதையில் செல்லும் கோள் நம் பார்வைக் கோட்டில் தன் விண்மீனைக் கடப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 215இல் ஒன்று. எனவே, பல்லாயிரம் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் இடைவிடாது நோக்க வேண்டும்.

இத்தேவையே 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளரின் வடிவமைப்பைத் தீர்மானித்தது. அதன் ஒளிபுகு விட்டம் 0.95 மீட்டர். இது காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியைவிடச் சற்றுச் சிறியது என்பது நோக்கத்தக்கது. கெப்ளரின் சிறப்பு ஆடியின் அளவில் இல்லை. நின்ற இடத்தில் இருந்தது. சூரியனைச் சுற்றும் பாதையில் காற்றும் பகலிரவும் இன்றி, சிக்னசு, லைரா விண்மீன் குழுக்களின் திசையில் சுமார் 1,50,000 விண்மீன்களை அது ஏறக்குறைய நான்காண்டுகள் தொடர்ந்து நோக்கியது. அவை ஒவ்வொன்றும் புவி போன்ற ஒரு கோளைப் பெற்றிருந்தாலும், மேற்கூறிய வடிவியல் வரம்பின்படி சுமார் 700 கோள்களே கடப்பைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கடப்புகள் பதிவாக வேண்டும் என்பது அதன் நெறி. யுரேனசு நிகழ்வு காட்டியதுபோல் ஒரு குறைவு சான்றாகாது.

2013இல் கெப்ளரின் திசைநிறுத்தச் சக்கரங்களுள் இரண்டாவதும் பழுதுற்றது. பின்னர் வேறு திசைகளை மாறிமாறி நோக்கும் கே2 திட்டமாக 2018 வரை அது பணியாற்றியது. அதன் தரவுகளிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதிப்படுத்தப்பட்டன. 2018இல் ஏவப்பட்ட டெஸ், நமக்கு அண்மையிலுள்ள ஒளிமிக்க விண்மீன்களை நோக்கி இப்பணியைத் தொடர்கிறது. 2025இல் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐ எட்டியது.

4. ‘புவியொத்த’ என்பதன் மூன்று படிகள்

கடப்பு முறை நேரடியாகத் தருவது கோளின் அளவையும் சுற்றுக்காலத்தையும் மட்டுமே. சுற்றுக்காலத்திலிருந்து விண்மீனுக்கும் கோளுக்கும் உள்ள தொலைவும், அதிலிருந்து கோள் பெறும் வெப்பமும் கணிக்கப்படுகின்றன. நீர் நீர்மமாக இருக்கத்தக்க தொலைவெல்லை வாழ்தகு மண்டலம் எனப்படுகிறது. இது கோளின் இருப்பிடத்தைப் பற்றிய கூற்றே அன்றிக் கோளில் நீர் உண்டென்னும் கூற்று அன்று. 2014இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-186எஃப் புவியைவிடச் சற்றே பெரியது. தன் செங்குறுமீனின் வாழ்தகு மண்டலத்தில் உள்ளது. அளவும் இடமும் பொருந்துகின்றன. அதன் எடை அளக்கப்படவில்லை. காற்று உண்டா என்பதும் அறியப்படவில்லை.

இரண்டாம் படி எடை. அளவோடு எடையும் தெரிந்தால்தான் கோள் பாறையாலானதா, வளியாலானதா என்பது புலப்படும். எடையை அறியப் பெரும்பாலும் தரைத் தொலைநோக்கியின் நிறமாலைமானி தேவை. புவி சூரியனை அசைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே, 51 பெகாசியின் கோள் தன் விண்மீனை அசைப்பது நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல். இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பு இப்படியில் குறிப்பிடத்தக்கது. அகமதாபாதிலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைத்த பாரஸ் என்னும் நிறமாலைமானியைக் கொண்டு, கே2 திட்டத்தில் கடப்பு பதிவான ஒரு கோளின் எடையை 2018இல் அளந்தது. அது புவியைப்போல் சுமார் 27 மடங்கு எடையும் 6 மடங்கு ஆரமும் உடையது. விண்தொலைநோக்கி அளவைத் தந்தது. மலைத்தொலைநோக்கி எடையைத் தந்தது.

மூன்றாம் படி காற்று. கோள் கடக்கும்போது விண்மீனொளியின் மிகச்சிறு பகுதி அதன் காற்றினூடே வரும். எந்த நிறங்கள் உறிஞ்சப்பட்டன என்பதிலிருந்து காற்றில் உள்ள பொருள்களை அறியலாம். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப், 6.5 மீட்டர் ஆடியுடன் புவியிலிருந்து சுமார் 15 இலட்சம் கி.மீ. தொலைவில் நின்று இப்பணியைச் செய்கிறது. சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனுக்குப் புவியளவிலான ஏழு கோள்கள் உண்டு. அவற்றுள் மிக உள்ளே உள்ளதற்குத் தடித்த காற்று இருப்பதாகத் தெரியவில்லை என 2023இல் வெப் தரவுகள் காட்டின. அளவில் புவியை ஒத்தது காற்றில் புவியை ஒத்திருக்க வேண்டுவதில்லை.

5. அளவை நோக்கில் இரு கூற்றுகள்

தமிழ் அளவை மரபு காட்சியையும் கருதலையும் வேறுபடுத்துகிறது. புகையைக் கண்டு தீயை அறிவது கருதல். காட்சியிலும் ஐயம், திரிவு என்னும் குற்றங்கள் உள எனச் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி எடுத்துரைக்கிறது. கடப்பு முறையில் கண்ட புறக்கோள்கள் அனைத்தும் கருதலால் அறியப்பட்டவையே; ஒளிக்குறைவு புகை, கோள் தீ. ஆகவே, புகையெனக் கண்டது பனிமூட்டமாக இருத்தல் கூடுமா என்பதே ஒவ்வொரு முறையும் எழும் வினா.

கெப்ளர்-452பி இதற்கு எடுத்துக்காட்டு. சூரியனை ஒத்த விண்மீனை 385 நாள்களில் சுற்றும், புவியின் ஆரத்தைப்போல் 1.6 மடங்கு ஆரமுடைய கோள் என 2015இல் அது அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் ‘இரண்டாம் புவி’ எனப் பேசப்பட்டது. 2018இல் வெளியான மறுஆய்வு, கெப்ளர் கருவியே உண்டாக்கும் போலிக் குறைவுகளைக் கணக்கில் கொண்டால் இக்கோளின் இருப்பைப் போதிய உறுதியுடன் கூற இயலாது எனக் காட்டியது. விண்மீன் மங்கலானது என்பதால் எடையை அளந்து சரிபார்த்தலும் அரிது. ஜேக்கப்பின் கூற்று பிழையெனக் கொள்ளப்பட்டது. கெப்ளர்-452பி ஐயத்தில் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே நிலையில் வைத்தல் பொருந்தாது.

கே2-18பி மற்றோர் எடுத்துக்காட்டு. சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள இக்கோள் புவியைப்போல் எட்டு மடங்குக்கும் மேலான எடையுடையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்தியரான நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, அதன் காற்றில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை 2023இல் வெப் தரவுகளின்வழி அறிவித்தது. 2025இல், புவியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்பைடு போன்ற ஒரு பொருளின் குறியும் தெரிவதாக அக்குழு கூறியது. அக்குறி தற்செயலாய் எழுந்திருப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்ற அளவில் இருந்தது. அறிவியலில் கண்டுபிடிப்பு எனக் கொள்வதற்கு வழக்கமாக வேண்டப்படும் வரம்பு இதனினும் மிகக் கடுமையானது. இதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்த குழுக்கள் அப்பொருள் இன்றியே தரவுகளை விளக்க இயலும் என வாதிட்டன. உயிர்க்குறி கண்டறியப்பட்டது என எழுதுவதும், குறி உண்டா என ஆராயப்படுகிறது என எழுதுவதும் ஒன்றல்ல.

6. தமிழ்ச் சொல்லாட்சியும் காவலூரின் இன்றைய இடமும்

ஒரே சொல் மூன்று படிகளையும் குறிக்கும்போது கற்பவர் மயங்குகின்றனர். அளவு மட்டும் தெரிந்ததைப் ‘புவியளவுக் கோள்’ எனவும், தொலைவு பொருந்தியதை ‘வாழ்தகு மண்டலக் கோள்’ எனவும், அளவு, எடை, காற்று ஆகிய மூன்றும் பொருந்தியதை மட்டுமே ‘புவியொத்த கோள்’ எனவும் வழங்குதல் தகும். இவ்வரையறையின்படி, புவியொத்த கோள் ஒன்றுகூட இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. சரிபார்ப்பு முடியாதவற்றை ‘ஐயநிலைக் கோள்’ எனவும், முடிந்தவற்றை ‘உறுதிநிலைக் கோள்’ எனவும் பிரிக்கலாம். ஐயம் என்னும் சொல் அளவை நூல்களில் ஏற்கெனவே இப்பொருளில் வழங்குவது என்பதால் இதற்குப் புதிய வேர் தேட வேண்டுவதில்லை.

விண்தொலைநோக்கிகள் வந்தபின் மலைத்தொலைநோக்கிகளுக்குப் பணியில்லை எனக் கருதுதலும் பிழை. காவலூரின் 1.3 மீட்டர் ஜே. சி. பட்டாச்சாரியா தொலைநோக்கியும் லடாக்கில் ஹான்லேயிலுள்ள தொலைநோக்கியும் கொண்டு, ஐந்து பெருங்கோள்களின் கடப்புகளை அரித்ரா சக்ரவர்த்தி, சுஜன் சென்குப்தா ஆகியோர் அளந்து 2019இல் வெளியிட்டனர். தம் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றும் இக்கோள்கள் ஒளியை நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் குறைப்பவை. ஆகவே காற்றினூடேயும் அவற்றைக் காண இயலும். காற்றின் தாக்கத்தைக் கணித வழியில் நீக்கவும் இயலும். 1977இல் யுரேனசின் ஒளிக்குறைவைப் பதிந்தவரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி புறக்கோள்களின் ஒளிக்குறைவைப் பதிகிறது. இப்பணி தொடர மலையின் இருள் காக்கப்பட வேண்டும். மலையைச் சூழ்ந்த சமவெளி ஊர்களின் தெருவிளக்குகள் ஒளியை வானோக்கிச் சிதறாமல் கீழ்நோக்கித் தருமாறு அமைதல் அதற்கு எளிய வழி.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

விண்மீனின் அசைவிலிருந்து கோளை உய்த்துணரும் முயற்சி 1855இலேயே சென்னையில் மேற்கொள்ளப்பட்டது. அது நிலைபெறாமைக்குக் காரணம் தருக்கக் குறையன்று. அளவீட்டின் நுண்மைக் குறையே.

விண்தொலைநோக்கியின் வலிமை பெரிய ஆடியில் மட்டும் இல்லை. காற்றும் பகலிரவும் அற்ற இடத்திலிருந்து இடைவிடாது நோக்கும் வாய்ப்பே கெப்ளரின் வெற்றிக்கு அடிப்படை.

‘புவியொத்த’ என்பது அளவு, எடை, காற்று என மூவகைச் சான்றுகளை வேண்டி நிற்கும் தொடர். இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றவற்றைக் கூறுதல் பொருந்தாது. எடையை அறியத் தரைத் தொலைநோக்கிகள் இன்றும் இன்றியமையாதன.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ, 26 ஒளிப்படக் கருவிகளைக்கொண்டு சூரியனை ஒத்த ஒளிமிக்க விண்மீன்களில் புவியளவுக் கோள்களைத் தேடுவதற்கென உருவாக்கப்பட்டது. ஒளிமிக்க விண்மீன்களில் காணும் கோள்களுக்கே எடையையும் அளக்க இயலும். கெப்ளர்-452பி போன்றவற்றில் நின்றுபோன சரிபார்த்தலை அத்தகைய தேடல் முன்னெடுக்கும். அம்முடிவுகள் தமிழில் எழுதப்படும்போது, எது கண்டது, எது கருதியது, எது ஐயம் என்பதைப் பிரித்துரைக்கும் சொற்கள் ஆய்வாளரின் கையில் இருத்தல் வேண்டும்.